ஒரு விரிகுடா போதுமா? ஜோன் ஏர்ட்லியும் கேட்டர்லைன் கரையும்

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், ஸ்டோன்ஹேவன் என்ற துறைமுக ஊருக்குத் தெற்கே சில மைல் போனால் கேட்டர்லைன் வரும். செங்குத்தான புல்சரிவின் உச்சியில் வரிசை வரிசையாகச் சின்ன மீனவர் வீடுகள். கீழே கூழாங்கல் கரை, ஒரு குட்டிப் படகுத்துறை, வளைந்து கிடக்கும் விரிகுடா. சாவகாசமாக நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடலாம். 1950களின் தொடக்கத்தில் இந்த ஊரைக் கண்ட ஓவியர் ஜோன் ஏர்ட்லி, 1963இல் 42 வயதில் இறக்கும்வரை இதைத்தான் வரைந்தார். கிளாஸ்கோ தெருக்குழந்தைகளை வரைந்த நேரம் போக, அவருடைய வேலை முழுக்க இங்கேதான் நடந்தது.

பிடித்த இடம் என்று எல்லா ஓவியருக்கும் ஒன்று இருக்கும். போவார்கள், நாலைந்து படம் போடுவார்கள், அலுத்துப்போனால் அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். ஏர்ட்லி விஷயத்தில் நடந்தது நேர்மாறானது. ஆண்டுகள் போகப் போக அவர் நின்று வரைந்த இடம் சுருங்கிக்கொண்டே வந்தது, படங்களோ விரிந்துகொண்டே போயின. கடைசிக் காலத்தில் வீட்டு வாசலிலிருந்து சில அடி தள்ளி நின்றே பெரிய படங்களைப் போட்டிருக்கிறார். இது எப்படிச் சாத்தியமானது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புயலில் நிற்கும் தனிமையான பெண் என்ற சித்திரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். புயலும் உண்மை, தனிமையும் ஓரளவு உண்மை. ஆனால் காரணம் இன்னும் எளிமையானது என்று நான் நினைக்கிறேன். ஓர் இடத்தை எவ்வளவுக்குத் தெரிந்துகொள்கிறோமோ அவ்வளவுக்கு அங்கே வரைய விஷயம் கிடைக்கிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சை அப்படியே நம்பி, அது வேலையில் எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

கேட்டர்லைனுக்கு முன்

1921 மே 18 அன்று இங்கிலாந்தின் சசெக்ஸில் ஒரு பால்பண்ணையில் பிறந்தவர். அப்பா முதல் உலகப் போருக்குப் போய் நொந்து திரும்பிய ராணுவ அதிகாரி. பண்ணை நொடித்துப்போனது. அம்மா இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு லண்டனில் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டார். 1929இல் அப்பா தற்கொலை செய்துகொண்டார். இரண்டாம் போர் தொடங்கியதும் குடும்பம் அம்மாவின் பூர்வீகமான ஸ்காட்லாந்துக்கு வந்தது. 1940இல் கிளாஸ்கோ ஓவியப் பள்ளியில் சேர்ந்த ஏர்ட்லி, 1943இல் பட்டயம் வாங்கினார். போர்க்காலத்தில் படகு கட்டும் பட்டறையில் தச்சு வேலை பழகினார். ஆளுயரப் பலகைகளைக் கரைக்குத் தூக்கிப் போய்க் கட்டி நிறுத்திய பிற்காலத்து வேலைக்கு அந்தப் பழக்கம் கைகொடுத்திருக்கும்.

1947இல் ஆர்ப்ரோத் அருகே ஹாஸ்பிட்டல்ஃபீல்டு என்ற இடத்தில் ஜேம்ஸ் கௌவியிடம் சில காலம் பயின்றார். கௌவி நிதானமாகக் கட்டமைத்து, அறைக்குள் உட்கார்ந்து வரையும் ஓவியர். ஏர்ட்லியின் சுபாவத்துக்கு அது ஒத்துவரவில்லை. அப்புறம் உதவித்தொகையில் இத்தாலிப் பயணம். திரும்பி வந்து கிளாஸ்கோவின் டவுன்ஹெட் பகுதியில் பட்டறை போட்டார். நெருக்கியடித்த பழைய குடியிருப்புகள், சுவரெல்லாம் சாக்கட்டிக் கிறுக்கல், தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு திரியும் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளை அவர் வரைந்த படங்களும் இன்று கடல் படங்களுக்குச் சமமாகக் கொண்டாடப்படுகின்றன.

கேட்டர்லைன் திட்டமிட்டு வந்ததல்ல. அபர்டீனில் ஒரு கண்காட்சியை ஒட்டிப் போயிருந்தபோது பொன்னுக்கு வீங்கி வந்து படுத்துவிட்டார். உடம்பு தேறிவரும்போது தோழி ஆனெட் ஸ்டீஃபன் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டிய ஊர் அது. ஆனெட் பிறகு அங்கே 'வாட்ச் ஹவுஸ்' என்ற வீட்டை வாங்கினார். கடலைக் கண்காணிக்கும் இடத்தில் நிற்கும் வீடு. ஏர்ட்லி முதலில் அங்கே தங்கி வரைந்தார். பிறகு தெற்கு வரிசையின் கோடியில் இருந்த 1ஆம் எண் வீட்டுக்கு மாறினார். மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. அவருக்கு அது குறையாகப் படவில்லை. பலகைகளை அடுக்கிவைக்க நாலு சுவர், வாசலைத் திறந்தால் கடல், பின்னால் போனால் வயல்.

விரிகுடாவின் கணக்கு

இந்த இடத்தின் அமைப்பைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். ஏர்ட்லி ஏன் நகரவில்லை என்பதற்குப் பாதி விடை அதில் இருக்கிறது.

கேட்டர்லைன் கிழக்கு பார்த்த கரை. சூரியன் கடலிலிருந்து எழுகிறது. காலையில் கடலைப் பார்த்து நின்றால் ஒளி எதிரே இருந்து வரும். அலையின் உடல் கறுத்து, விளிம்பு மட்டும் பளிச்சிடும். மதியம் தாண்டினால் வெளிச்சம் முதுகுப்பக்கம் போய்விடும். அதே அலை இப்போது வெள்ளையாகவும் தட்டையாகவும் தெரியும். சரிவின் நிழல் மெதுவாகக் கரைமேல் இறங்கும். ஒரே இடத்தில் நின்றபடி ஒரு பகலுக்குள் இரண்டு வேறு கடல்களைப் பார்க்கலாம்.

ஊர் கிட்டத்தட்ட 57 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பரில் பகல் ஏழு மணி நேரம்கூட நீடிக்காது. நண்பகலிலும் சூரியன் அடிவானத்துக்கு மேல் பத்துப் பாகையைத் தாண்டாது. நாள் முழுக்கச் சாய்வெயில்தான், அதுவும் மேகம் விட்டால். ஜூனில் கதையே வேறு: இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கடல்மட்டமும் நிலையாக நிற்பதில்லை. பெரிய ஏற்ற நாளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் நான்கு மீட்டர் அளவுக்கு மாறும். காலையில் ஈசல் என்ற ஓவியத் தாங்கியை நிறுத்திய இடம் மதியம் நீருக்கடியில் போய்விடும்.

அப்புறம் காற்று. மேற்கிலிருந்து மேல்காற்று அடித்தால் விரிகுடா அமைதியாக இருக்கும், நிலம் மறைப்பதால். கிழக்கிலிருந்து கொண்டல் கிளம்பினால்தான் ஆட்டம். வட கடலின் அகலம் முழுக்க ஓடிவந்த அலை நேராக இந்த வளைவுக்குள் நுழைகிறது. வசந்தத்திலும் கோடையிலும் குளிர்ந்த கடல்மேல் வெதுவெதுப்பான காற்று தவழும்போது மூடுபனி எழும். உள்ளூரில் அதை 'ஹார்' என்பார்கள். அது ஏறினால் எதிரே உள்ள பாறைகூட மறைந்துபோகும்.

இத்தனையும் சேர்ந்தால் இந்தச் சின்ன வளைவு ஒரே காட்சியாக எங்கே இருந்தது? ஓர் ஓவியர் ஓர் ஆயுளை அங்கேயே செலவழிக்கலாம்.

பலகை, கயிறு, கல்

பெரும்பாலான கடல் படங்களை அவர் கரையிலேயே நின்று வரைந்தார். குறிப்பு எடுத்துவந்து அறைக்குள் வளர்ப்பது அவர் வழி இல்லை. வரையும் பரப்பு ஹார்ட்போர்டு, அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை. துணியைவிட மலிவு, தண்ணீர் தெறித்தாலும் தொய்யாது, கத்தியால் அழுத்தித் தேய்த்தாலும் தாங்கும். 'அலை' என்ற 1961ஆம் ஆண்டுப் படத்தின் அளவு சுமார் 122க்கு 188 சென்டிமீட்டர். அந்த அளவுப் பலகையைக் காற்றில் நிறுத்தினால் அது பாய்மரம்தான். மணிக்கு 55 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்துக்கு நேராக அடித்தால், முப்பது நாற்பது கிலோ எடை தள்ளுவதற்குச் சமமான விசை அதன்மேல் விழும். அதனால் ஈசலைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டி, கற்களை வைத்து அழுத்தித்தான் வேலை செய்தார்.

எண்ணெய் வண்ணத்தோடு வீட்டுக்கும் படகுக்கும் அடிக்கும் பெயின்ட்டையும் பயன்படுத்தினார். மணலும் பொடிக்கல்லும் வண்ணத்தோடு கலந்தன. காற்று கொண்டுவந்து ஒட்டியது கொஞ்சம், அவரே விட்டுவைத்தது கொஞ்சம். 'அலை' படத்தின் அருங்காட்சியகப் பதிவில் எண்ணெய் வண்ணத்துக்குப் பக்கத்தில் கரட்டு மணலும் ஊடகமாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. 1960இல் போட்ட 'விதைப்புற்களும் டெய்சிகளும், செப்டம்பர்' என்ற வயல் படத்தில் உண்மையான புல்லும் விதைக்கதிரும் வண்ணத்துக்குள் பதிந்திருக்கின்றன. அந்த இடத்தின் மண்ணும் புல்லும் படத்தின் பொருளாகவே ஆகிவிட்டன. தலைப்பில் மாதம் இருப்பதையும் கவனிக்கவேண்டும். எங்கே என்பது அவருக்கு முடிவாகிவிட்ட விஷயம். மிச்சம் இருந்தது எப்போது என்பது மட்டுமே.

ஒரே சமயத்தில் பல பலகைகள் ஓடிக்கொண்டிருக்கும். இன்று அடிக்கும் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்ற பலகை எதுவோ அதை எடுத்துக்கொண்டு இறங்குவார். அந்த வானிலை மாறிவிட்டால் அதை உள்ளே வைத்துவிட்டு வேறொன்று. ஊருக்குள்ளேயே குடியிருக்கும் ஒருவரால் மட்டுமே இப்படி வேலை செய்ய முடியும். ஒப்பிட்டுப் பார்க்கப் பிரெஞ்சு ஓவியர் மோனே இருக்கிறார். 1880களில் நார்மண்டியின் எட்ரெட்டாவுக்கு அவரும் திரும்பத் திரும்பப் போனார். 1885 நவம்பரில் ஓர் அலை அவரைப் பாறையோடு அறைந்து, ஈசலையும் வண்ணங்களையும் அடித்துக்கொண்டு போனது. துணிச்சலில் இருவரும் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் மோனே அங்கே வந்து தங்கிய விருந்தாளி. வானிலை ஒத்துழைக்காவிட்டால் படங்களைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பி, வீட்டில் வைத்து முடிக்கவேண்டும். ஏர்ட்லி அதே வானிலை மறுபடி வரும்வரை அங்கேயே இருந்தார்.

கிளாஸ்கோவில் இருக்கும் நாட்களில்கூடத் தொடர்பு அறுபடவில்லை. புயல் வரும்போல இருந்தால் கேட்டர்லைன் தோழியிடமிருந்து தொலைபேசி வரும், கிளம்பிவிடுவார். ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தூரம். லாம்பிரெட்டா ஸ்கூட்டரிலும் அந்தப் பாதையில் போய்வந்திருக்கிறார். முதுகிலும் கழுத்திலும் தீராத வலி வேறு இருந்தது.

படங்களை வரிசையாகப் பார்த்தால்

ஆரம்பகாலக் கேட்டர்லைன் படங்களில் ஊர் ஊராகத் தெரியும். வீடுகள், சரிவு, காயப்போட்ட சால்மன் மீன் வலை, வலை கட்டும் கம்புகள், படகு. எது எங்கே இருக்கிறது என்று பார்ப்பவருக்குப் புரியும். முதல்முறை பார்க்கிற கண்ணும் இப்படித்தான் பார்க்கும், முதலில் பொருள்களை எண்ணும்.

1958 வாக்கில் மாற்றம் தெளிவாகிறது. 'குளிர்காலக் கடல்' என்று பெயரிட்டு எண் போட்ட படங்கள் வருகின்றன. ஊர் விளிம்புக்கு ஒதுங்குகிறது, சிலவற்றில் காணாமலே போகிறது. அவர் சரிவிலிருந்து இறங்கி, நீர் வந்து தொடும் கரையிலேயே நிற்கத் தொடங்குகிறார். இந்த இறக்கம் முக்கியமானது. மேலே நின்றால் கடல் ஒரு தரைபோலக் கீழே விரியும், அடிவானம் நேர்கோடாகக் கிடக்கும். கரைமட்டத்தில் நின்றால் அலை கண்ணுக்கு நேரே எழும்பிச் சுவராகும், அடிவானத்தை விழுங்கும். 'அலை' படத்தில் நமக்குக் கிடைப்பது அந்தச் சுவர்தான்: வெள்ளையும் சாம்பலும் அழுக்கு மஞ்சளும் குழைந்த நீர்த்திரள், மேலே கனத்த வானம், கீழே அகப்பட்ட ஒரு கீற்றுக் கரை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் வெள்ளை என்று நினைத்தது ஒரே வெள்ளையாக இல்லை. கத்தியால் வழித்த இடம், தூரிகை வழுக்கிய இடம், மணல் சொரசொரத்து நிற்கும் இடம் எல்லாம் வேறுவேறு. இரண்டடி பின்வாங்கினால் எல்லாம் சேர்ந்து மறுபடி நீராகிவிடுகிறது.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பாரிஸிலும் அரூப ஓவியம் கொடிகட்டிப் பறந்தது. ஏர்ட்லியை அந்த வரிசையில் வைத்துப் பேசும் விமர்சகர்கள் இருக்கிறார்கள். வண்ணம் வீசுவதிலும் வழியவிடுவதிலும் ஒற்றுமை நிச்சயம் இருக்கிறது. ஆனாலும் நான் அவரை அங்கே சேர்க்கத் தயங்குவேன். அவர் படத்தில் எந்தப் பூச்சை எடுத்தாலும் அதற்குக் கரையில் ஓர் உரிமையாளர் உண்டு. ஒரு பாறையோ, பின்வாங்கும் நுரையோ, சரிவில் ஒட்டிய பனியோ அங்கே இருக்கும். இடம் மனப்பாடமாகிவிட்டதால் அதை விளக்கிச் சொல்லவேண்டிய கடமையிலிருந்து கை விடுபட்டுவிட்டது. புதிதாக வந்த ஓவியர் அந்த அளவுக்குச் சுருக்கினால் படம் சிதறிப்போகும். எதை விட்டாலும் இடம் நிற்கும், எதை விட்டால் சாயும் என்று பல ஆண்டுகள் பார்த்தவருக்கே தெரியும்.

கோடையில் அவர் கடலுக்கு முதுகைக் காட்டிவிடுவார். வீட்டுக்குப் பின்னால் வயல்கள், ஓரத்தில் காட்டுப்பூக்கள், தேன்கூட்டுப் பெட்டிகள். கதிர் பச்சையிலிருந்து பழுப்புக்குப் போகிறது, வெயில் இடம் மாறுகிறது, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மாறிவிடுகிறது. அதனால் நகரவே தேவையில்லை, ஒரு படத்துக்குப் பக்கத்திலேயே அடுத்ததைத் தொடங்கலாம் என்ற நிலைக்கு அவர் வந்திருந்தார். கடல் படங்களின் புகழில் இந்த வயல் படங்கள் கொஞ்சம் பின்தள்ளப்பட்டது எனக்கு வருத்தம். புயலில் எந்த ஓவியருக்கும் நாடகம் கைக்கு வந்துவிடும். ஒரு வேலியோரப் புல்லை ஆளுயரப் பலகையில் நிறுத்துவது அதைவிடக் கடினம்.

வேறு காரணம் இருக்குமா?

மலிவான வாடகை, தோழிகளின் அரவணைப்பு, நகரத்திலிருந்து விடுதலை. எல்லாம் உண்மை, எதையும் ஒதுக்கத் தேவையில்லை. குறிப்பாக ஆனெட் ஸ்டீஃபனும், ஏர்ட்லியின் கடிதங்களைப் பெற்றவரும் அவரைப் புகைப்படம் எடுத்தவருமான ஆட்ரி வாக்கரும் இல்லாவிட்டால் அந்தக் குளிர்காலங்களை அவர் ஓட்டியிருப்பது கஷ்டம். ஆனால் இவை அவர் அங்கே தங்கியதைத்தான் விளக்கும். படங்கள் மாறியதை விளக்காது.

அப்பாவின் சாவை வைத்து, வேரில்லாத பிள்ளை வேர் தேடியது என்று சொல்வோரும் உண்டு. இருக்கலாம். ஆனால் அந்த விளக்கத்தை எந்த ஓவியர்மேலும் ஒட்டிவிடலாம் என்பதால் அதற்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்கமாட்டேன்.

கவனிக்கவேண்டியது இன்னொன்று. டவுன்ஹெட்டும் கேட்டர்லைனும் அவர் காலத்தில் தேய்ந்துகொண்டிருந்த இடங்கள். டவுன்ஹெட் குடியிருப்புகள் இடிபடப் போகின்றன என்று தெரிந்தே அவர் வரைந்தார். கேட்டர்லைனில் மீன்பிடிப் படகுகள் அருகி, பல வீடுகள் காலியாகிக்கொண்டிருந்தன. இரண்டிலும் ஒரு சின்ன சமூகம் நெருங்கி வாழ்ந்தது. அவர் தேடிப்போன இடங்களின் குணம் இதிலிருந்து தெரிகிறது. கண்ணுக்கு இனிய காட்சி அவருடைய நிபந்தனையாக இருந்ததில்லை. ஆட்கள் ஒருவரையொருவர் அறிந்த, சுற்றளவு சின்னதான, உழைப்பின் தடம் உள்ள இடம் வேண்டியிருந்தது.

1963

அந்த ஆண்டு எல்லாம் ஒன்றாக வந்தது. 1955இலிருந்து இணை உறுப்பினராக இருந்தவரை ராயல் ஸ்காட்டிஷ் அகாடமி முழு உறுப்பினராக்கியது. லண்டனில் ரோலண்ட், பிரவுஸ் அண்ட் டெல்பான்கோ காட்சிக்கூடத்தில் அவருடைய படங்கள் வைக்கப்பட்டன. மார்பகப் புற்றுநோய் அதற்குள் முற்றியிருந்தது. ஆகஸ்ட் 16 அன்று இறந்தார். அஸ்தியைக் கேட்டர்லைன் கரையில் தூவினார்கள்.

'குளிர்காலத்தில் கேட்டர்லைன்' அந்த ஆண்டுப் படம். பனி மூடிய சரிவில் வீடுகளின் வரிசை சாய்ந்து ஏறுகிறது, வெளிறிய வானத்தில் சூரியனா நிலவா என்று சொல்லமுடியாத ஒரு வட்டு. கடலில் கரைந்துபோயிருந்த ஊர் இந்தப் படத்தில் மறுபடி வந்திருக்கிறது. ஆனால் முதல் ஆண்டுகளின் வீடுகள் இல்லை இவை. கதவு, சன்னல் என்று எண்ணிப்பார்க்க ஒன்றும் கிடைக்காது. நாலைந்து கறுத்த தீற்றலில் அந்தத் தெரு முழுக்க நிற்கிறது. கடலை வரைந்து கற்றதை அவர் வீடுகளுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

சரிவு இன்று

ஏர்ட்லி ஏறி இறங்கிய சரிவுக்கே இப்போது பிரச்சினை. மண் தளர்ந்த சரிவு அது. கனமழையில் பெயர்ந்து விழுவது 2010களில் ஊருக்கே கவலையாகி, ஊர்க்காரர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களோடு இணைந்து வில்லோ போன்ற வேர்பிடிக்கும் மரங்களை நட்டு, நீரை வடித்து, சரிவை நிறுத்த முயன்று வருகிறார்கள்.

படங்களில் பல ஸ்காட்லாந்தின் பொதுச் சேகரிப்புகளில் பத்திரமாக இருக்கின்றன. எடின்பரோவில் 2016–17இல் நடந்த பெரிய கண்காட்சி டவுன்ஹெட், கேட்டர்லைன் என்ற இரண்டே இடங்களை மையமாக வைத்தது. அவருடைய தங்கை நிறைய வரைபடங்களைத் தேசியக் காட்சியகத்துக்குக் கொடுத்திருக்கிறார். ஏர்ட்லியைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் அந்தச் சின்ன வரைபடங்களைத்தான் முதலில் காட்டுவேன். அதே படகுத்துறையும் அதே வரிசை வீடுகளும் திரும்பத் திரும்ப வரும். தாள்களை ஆண்டுவாரியாக அடுக்கிக்கொண்டு, அதன் பிறகு 'அலை' முன்னால் போய் நிற்கலாம்.